கல்லும் தொகுப்பும்: கல்லறை, நடுகல் ஆவணங்கள் குறித்த ஒரு திறனாய்வு

முன்னுரை

இறந்தோர்க்குக் கல் எடுக்கும் மரபு உலகின் பல நாடுகளிலும் உண்டு. தமிழ் மரபில் அது தொல்காப்பியம் இலக்கணம் வகுக்கும் அளவுக்குத் தொன்மையும் செறிவும் உடையதாக விளங்குகிறது. ஆயினும் கற்களைப் பற்றிய ஆய்வு வளர்ந்த அளவுக்கு, அக்கற்களைத் தொகுத்து வைத்த ஆவணங்களைப் பற்றிய ஆய்வு வளரவில்லை. கல்லை நேரில் கண்டு ஆராய்வோர் சிலரே. தொகுப்பு நூலில் உள்ள பாடத்தைக் கொண்டு எழுதுவோரே பலர். எனவே தொகுப்பு எதை எடுத்துக்கொண்டது, எதை விட்டுவிட்டது என்பதை அறியாமல் அதன் பாடத்தை மட்டும் கையாளும் ஆய்வு, தொகுத்தவரின் நோக்கத்தைத் தன்னுடைய முடிவாக ஏற்றுக்கொள்ளும் அபாயத்துக்கு உள்ளாகிறது. கல்லறைக் கற்களுக்கும் நடுகற்களுக்கும் அமைந்த மூன்று தொகுப்பு மரபுகளை ஒப்பிட்டு, அவற்றின் பயனையும் குறையையும் மதிப்பிடுவதும், தமிழ் இலக்கிய ஆய்வாளர்க்கு உதவும் ஆவணம் எவ்வாறு அமைய வேண்டும் என்பதைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. பெயரை முதன்மைப்படுத்திய தொகுப்பு

ஆங்கிலேய ஆட்சிக் காலத்தில் இந்திய மாகாணங்கள் பலவற்றில் கல்லறை வாசகப் பட்டியல்கள் அரசுச் சார்பில் வெளிவந்தன. வங்காளத்துக்கு சி. ஆர். வில்சன் தொகுத்த பட்டியல் 1896இல் வந்தது. சென்னை மாகாணத்துக்கு ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் தொகுத்தது 1905இல் வெளியாயிற்று. பஞ்சாபுக்கு மைல்ஸ் இர்விங் தொகுத்தது 1910இல் அச்சேறியது. காட்டனின் பட்டியலைப் பி. எஸ். பாலிகா பின்னர் 1940களில் திருத்திப் பதிப்பித்தார்.

காட்டனின் உழைப்பு பெரிது. மாகாணம் முழுவதும் சிதறிக் கிடந்த கல்லறைகளின் வாசகங்களை ஊர்வாரியாகத் திரட்டியதோடு, இறந்தவர் யார், எப்பதவி வகித்தார், யாருடைய உறவினர் என்னும் வாழ்க்கைக் குறிப்புகளையும் அவர் சேர்த்துள்ளார். கல் அழிந்துபோன இடங்களில் இப்பட்டியலே இன்று மூலச் சான்றாக நிற்கிறது.

ஆனால் நூலின் தலைப்பிலேயே அதன் எல்லையும் வரையறுக்கப்பட்டுவிட்டது. வரலாற்று மதிப்போ தொல்லியல் மதிப்போ உடைய கல்லறைகளின் பட்டியல் என்பதே அத்தலைப்பு. மதிப்பு உண்டா இல்லையா என்பதைத் தீர்மானித்தவர் ஆட்சிப் பணியில் இருந்த தொகுப்பாளர். எனவே ஆளுநரும் படைத்தலைவரும் வணிகரும் மதகுருமாரும் அவர்தம் மனைவி மக்களும் இடம்பெறுகின்றனர். அதே கல்லறைத் தோட்டங்களில் அடக்கம் செய்யப்பட்ட எளிய மக்களுக்குப் பட்டியலில் இடம் அரிதாகவே கிடைக்கிறது. இப்பட்டியலை மட்டும் கொண்டு ஓர் ஊரின் கிறித்தவச் சமூக வரலாற்றை எழுத முற்படுபவர், அவ்வூரில் அதிகாரிகள் மட்டுமே இறந்தனர் என்னும் தோற்றத்துக்கு ஆளாவார். பெயர் அறியப்பட்டவருக்கே கல் மதிப்புப் பெறும் என்பது இத்தொகுப்பின் உள்ளுறைக் கொள்கையாக அமைந்துவிட்டது.

1976இல் பிரிட்டனில் தொடங்கப்பட்ட தெற்காசியக் கல்லறைத் தோட்டங்களுக்கான சங்கம் இம்மரபின் தொடர்ச்சியாகும். அது திரட்டிய பதிவுகள் லண்டனில் உள்ள பிரித்தானிய நூலகத்தில் சேர்க்கப்பட்டுள்ளன. தம் முன்னோரின் கல்லறையைத் தேடும் குடும்பத்தினர்க்கு இவ்வாவணம் பெரிதும் பயன்படுகிறது. தேடுவோர் பெயரைக் கொண்டே தேடுவதால் பெயரே இங்கும் முதன்மை பெறுகிறது.

2. உருவத்தை முதன்மைப்படுத்திய தொகுப்பு

அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியில் வளர்ந்த கல்லறைக்கல் ஆய்வு வேறு திசையில் சென்றது. ஹாரியட் மெரிஃபீல்டு ஃபோர்ப்சு 1927இல் வெளியிட்ட நூல், 1653 முதல் 1800 வரையிலான கற்களையும் அவற்றைச் செதுக்கிய கைவினைஞர்களையும் ஆராய்ந்தது. கல்லின் கீழ் உறங்குபவரை விட்டுக் கல்லைச் செதுக்கியவரை நோக்கி ஆய்வு திரும்பியது இங்குக் குறிப்பிடத்தக்கது. பின்னர் டேனியல் ஃபார்பர், ஜெசி லை ஃபார்பர் இணையர் எடுத்த ஒளிப்படங்கள் வூசுட்டர் நகரில் உள்ள அமெரிக்கத் தொல்பொருட் கழகத்தின் தொகுப்பாயின. 9,000க்கும் மேற்பட்ட கற்களின் 13,500க்கும் மேற்பட்ட படங்கள் அதில் உள்ளன. கல்லறைக்கல் ஆய்வுக்கெனவே ஒரு சங்கம் 1977இல் அங்கு நிறுவப்பட்டது.

ஆண்டு குறிக்கப்பட்ட கற்கள் பெருந்தொகையாக ஓரிடத்தில் அமைந்திருந்தமையால், எட்வின் டெத்லெஃப்சன், ஜேம்ஸ் டீட்சு ஆகிய இருவரும் 1960களில் உருவ மாற்றத்தைக் காலவரிசையில் அமைத்துக் காட்ட இயன்றது. சிறகுடைய மண்டையோடு மறைந்து, சிறகுடைய குழந்தைமுகம் தோன்றி, அதன்பின் தாழியும் வில்லோ மரமும் இடம்பெறும் வரிசையை அவர்கள் நிறுவினர். இறப்பைப் பற்றிய சமய நோக்கு மாறியதை இவ்வரிசை கொண்டு அவர்கள் விளக்கினர். தனித்தனியே நின்று காண்பவர்க்குப் புலப்படாத ஒன்று, தொகுத்து அடுக்கியபோது புலப்பட்டது. ஆவணத்தின் தலையாய பயன் இதுவே எனலாம்.

எனினும் இங்கும் ஓர் இழப்பு உண்டு. ஒளிப்படத்துக்குள் கல் மட்டுமே அடங்குகிறது. பக்கத்துக் கல், அது நோக்கும் திசை, அதைச் சூழ்ந்த நிலம் ஆகியன படச் சட்டத்துக்கு வெளியே நின்றுவிடுகின்றன. அழகிய செதுக்கல் உடைய கல் படமாவதும், வெறுமையான கல் விடுபடுவதும் இத்தகைய தொகுப்புகளில் இயல்பாக நேர்கின்றன.

3. பாடத்தை முதன்மைப்படுத்திய தொகுப்பு

தமிழ்நாட்டு நடுகல் ஆவணங்களுள் முதன்மையானது, தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத்துறை 1972இல் இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு வெளியிட்ட 'செங்கம் நடுகற்கள்' ஆகும். தருமபுரிப் பகுதிக் கல்வெட்டுகளின் தொகுப்பு அதனைத் தொடர்ந்தது. வட்டெழுத்தில் அமைந்த அந்நடுகற்கள் அரசன் பெயர், ஆட்சியாண்டு, தலைவன் பெயர், பூசல் நிகழ்ந்த சூழல், வீழ்ந்த வீரன் பெயர் ஆகியவற்றை ஏறத்தாழ ஒரே வாய்பாட்டில் கூறுகின்றன. பல்லவ அரசர்களின் ஆட்சியாண்டுகளைக் கணிப்பதற்கும், வாணர் முதலிய குறுநில மரபினரின் நிலையை அறிவதற்கும், வட்டெழுத்தின் வளர்ச்சியை வரையறுப்பதற்கும் இத்தொகுப்பு தந்த பங்களிப்பு மறுக்க இயலாதது.

இலக்கிய ஆய்வாளர்க்கு இது மற்றொரு வாயிலையும் திறந்தது. 'தொறு' என்னும் சொல் ஆநிரையைக் குறித்து இக்கற்களில் பயில்கிறது. தொறுக் கொண்டபோது வீழ்ந்தவனும் தொறு மீட்டு வீழ்ந்தவனும் தனித்தனியே சுட்டப்படுகின்றனர். வெட்சியும் கரந்தையும் இலக்கண நூலார் கற்பித்த துறைகள் மட்டுமல்ல, ஊர்களில் நிகழ்ந்த பூசல்களின் இரு பக்கங்கள் என்பதை இக்கற்கள் காட்டின. எடுத்தனூரில் கிடைத்த முதலாம் மகேந்திரவர்மன் காலத்து நடுகல், தன் தலைவனுடன் நின்ற கோவிவன் என்னும் நாயையும் பெயர் கூறிப் போற்றுகிறது. பேரரசர் மெய்க்கீர்த்திகளில் காணமுடியாத ஓர் உலகம் இது.

ஆயினும் இத்தொகுப்பு கல்வெட்டியலாளரின் தேவையிலிருந்து பிறந்தது. நனைந்த தாளைக் கல்லின்மேல் ஒட்டித் தூரிகையால் தட்டி மை ஒற்றி எடுக்கும் மைப்படி, எழுத்தைத் துல்லியமாகப் பிடிக்கிறது. வீரனின் கொண்டை, இடைக்கச்சு, வில்லை ஏந்திய நிலை, காலடியில் உள்ள கெண்டி ஆகியவை அதன் முதன்மை நோக்கமாக இருப்பதில்லை. அதனால் நடுகல் என்பது எழுத்து உடைய கல் என்னும் எண்ணம் ஆய்வுலகில் வேரூன்றியது. உருவத்தை நுணுகிக் காணும் ஆய்வுகள் பின்னரே பெருகின. சேட்டர், சோந்தைமர் ஆகியோர் 1982இல் பதிப்பித்த நினைவுக்கற்கள் குறித்த தொகுப்பு நூலும், கா. இராஜன் 2000இல் வெளியிட்ட தென்னிந்திய நினைவுக்கற்கள் பற்றிய நூலும் இவ்வகையில் சுட்டத்தக்கவை.

4. விடுபட்டவற்றின் அளவு

பாடம் ஒன்றையே அடிப்படையாகக் கொண்டால் எழுத்தற்ற கற்கள் ஆவணத்துக்குள் வாரா. கணவனுடன் இறந்த பெண்களுக்கு எடுக்கப்பட்ட சதிக்கற்களுள் எழுத்தில்லாதவை இவ்வாறு விடுபடுகின்றன. வளையணிந்த கையும் உயர்த்திய தோளும் தவிர அப்பெண்ணைப் பற்றி அறிய வேறு சான்று அங்கு இல்லை. நாயின் பெயரைக் காத்த மரபு பல பெண்களின் பெயரைக் காக்கவில்லை என்னும் உண்மை, எழுத்துடைய கல்லையும் எழுத்தற்ற கல்லையும் ஒருங்கே வைத்து நோக்கும்போதுதான் தெளிவாகிறது. எழுத்தற்ற கல்லை விலக்கிய ஆவணம் அந்த வினாவையே எழவொட்டாமல் செய்துவிடுகிறது.

உருவம் ஒன்றையே அடிப்படையாகக் கொண்டாலும் இத்தகைய இடரே நேரும். தேனி மாவட்டம் ஆண்டிப்பட்டி வட்டத்தில் உள்ள புலிமான்கோம்பையில் 2006இல் கண்டறியப்பட்ட தமிழ் பிராமி நடுகற்களில் வீரனின் உருவம் இல்லை. எழுத்து மட்டுமே உள்ளது. அவற்றுள் ஒன்று கூடலூர் ஆகோளில் வீழ்ந்தவனைக் குறிக்கிறது. ஆகோள் என்னும் தொல்காப்பியச் சொல் கல்லிலேயே இடம்பெற்றமை தமிழாய்வுலகின் கவனத்தை ஈர்த்தது. செங்கம் கற்களைப் பார்த்துப் பழகிய கண், உருவமில்லாத இச்சிறு பலகைகளை நடுகல் என அறிந்துகொள்வது எளிதன்று.

இடத்தைப் பதிவு செய்வதிலும் கவனம் தேவை. இதற்குச் சென்னைக் கோட்டையில் உள்ள தூய மரியன்னை ஆலயம் தக்க சான்றாகும். ஆலயத்தைச் சுற்றித் தரையில் பதிக்கப்பட்டுள்ள கல்லறைப் பலகைகள் முதலில் அங்கு இருந்தவை அல்ல. கோட்டைக்கு வெளியே இருந்த பழைய அடக்கத்தலத்தில் அவை நின்றன. 1758, 1759ஆம் ஆண்டுகளில் லாலியின் தலைமையில் பிரெஞ்சுப் படை கோட்டையை முற்றுகையிட்டபோது, அக்கல்லறைக் கட்டடங்கள் பகைவர்க்கு மறைவிடமாயின. முற்றுகை நீங்கியபின் அவை இடிக்கப்பட்டு, எழுத்துப் பலகைகள் மட்டும் கோட்டைக்குள் கொண்டுவரப்பட்டன. ஆகவே இன்று அப்பலகைகளின் கீழ் அவற்றில் பெயர் பொறிக்கப்பட்டோர் உறங்கவில்லை. தொகுப்பின் இடக்குறிப்பை மட்டும் நோக்குபவர் ஆலய வளாகமே அடக்கத்தலம் என முடிவு செய்யக்கூடும். கல் நிற்கும் இடம் வேறு, கல் நடப்பட்ட இடம் வேறு. ஆவணத்தில் இவ்விரண்டுக்கும் தனித்தனி இடம் வேண்டும். அருங்காட்சியகங்களுக்குக் கொண்டுவரப்பட்ட நடுகற்களுக்கும் இது பொருந்தும்.

5. வழிபாட்டில் உள்ள கல்

அமெரிக்கக் கல்லறைக் கற்களிலிருந்து நடுகல் வேறுபடும் இடம் ஒன்று உண்டு. நடுகற்களுள் பல இன்றும் வழிபாட்டில் உள்ளன. செங்கம், தருமபுரி வட்டாரங்களில் அவை வேடியப்பன் என்னும் பெயரால் வணங்கப்படுகின்றன. பெயர் பொறிக்கப்பட்ட வீரன் மறைந்து, தெய்வம் அவ்விடத்தைப் பெற்றுவிட்டது. கல்வெட்டியலாளர் இதனைத் தவறான அடையாளம் எனக் கொள்ள வாய்ப்புண்டு. தொல்காப்பியர் கூறும் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என்னும் ஆறு நிலைகளைக் கருதினால் இது தவறாகாது. நட்ட கல்லுக்குப் படையலிடுவதும் வாழ்த்துவதும் அம்முறைமையின் பகுதிகளே. மயிற்பீலி சூட்டிக் கள் படைத்த வழிபாட்டைச் சங்கப் பாடல்கள் காட்டுகின்றன. இன்று மஞ்சளும் எண்ணெயும் பூசிப் பொங்கலிடுவது அதன் தொடர்ச்சியாகும்.

இதிலிருந்து ஆவணமாக்குவோர்க்கு இரு கடமைகள் எழுகின்றன. முதலாவது, வழிபடுவோர் கல்லுக்கு வழங்கும் பெயரையும் கூறும் கதையையும், கல்வெட்டுப் பாடத்தோடு கலவாமல், அதற்கு நிகரான தரவாகப் பதிவு செய்தல். இரண்டாவது, எழுத்தைத் தெளிவாக்குவதற்காகக் கல்லைத் தேய்ப்பதையும், மாவோ சுண்ணப்பொடியோ பூசுவதையும் தவிர்த்தல். பொடி எழுத்தின் பள்ளங்களில் தங்கிக் கல்லுக்கு ஊறு செய்யும் என்பது கல்லறைக்கல் பாதுகாப்பில் பொதுவாக ஏற்கப்பட்ட கருத்தாகும். பக்கவாட்டில் ஒளி படுமாறு செய்து எடுக்கும் படமே போதிய தெளிவு தரும். மேலும் அவ்விடம் ஓர் ஊரின் கோயில். அவ்வூராரின் இசைவின்றி எடுக்கப்படும் படம் ஆய்வறத்துக்கு உகந்ததன்று.

6. போப்பின் கல்லறை: ஒரு சோதனை

ஆவணம் எவ்வாறு பயன்படும் என்பதற்குத் தமிழ்ப் புலமை உலகம் நன்கறிந்த ஒரு கல்லறையையே எடுத்துக்கொள்ளலாம். திருக்குறளை 1886இலும் திருவாசகத்தை 1900இலும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்ட ஜி. யு. போப் 1908இல் மறைந்தார். ஆக்சுபோர்டு நகரின் தூய செபல்கர் கல்லறைத் தோட்டத்தில் அவர் அடக்கம் செய்யப்பட்டார். தம் கல்லறையில் 'தமிழ் மாணவன்' எனப் பொறிக்குமாறு அவர் கேட்டுக்கொண்டார் என்றும், அவ்வாறே பொறிக்கப்பட்டுள்ளது என்றும் தமிழ்நாட்டில் மேடைதோறும் சொல்லப்படுகிறது. பாடநூல்களும் இதனைக் கூறுகின்றன.

அக்கல்லறைத் தோட்டத்தின் கற்களை அங்குள்ள ஆர்வலர்கள் ஒவ்வொன்றாகப் படமெடுத்துப் பதிவு செய்துள்ளனர். போப்பின் கல்லில் அத்தொடர் இல்லை. கீழைத்தேய இலக்கியத்துக்கும் தத்துவத்துக்கும் அவர் வாழ்நாள் முழுதும் ஆற்றிய உழைப்பைப் போற்றி, அவருடைய குடும்பத்தினரும் தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் இக்கல்லை நிறுவினர் என்னும் கருத்தே அதில் பொறிக்கப்பட்டுள்ளது.

இதனைக் கொண்டு வழக்கில் உள்ள கதையைப் பொய் எனத் தள்ளிவிடுவது எளிது. ஆனால் இரண்டும் இருவேறு செய்திகளைக் கூறுகின்றன. தமிழைக் கற்ற வெளிநாட்டார் ஒருவரைத் தம்மவராக்கிக்கொள்ள ஒரு சமூகம் விரும்பிய விதத்தைக் கதை கூறுகிறது. அச்சமூகம் அவருக்குக் கல் நடுவதில் பங்கு கொண்டதைக் கல் கூறுகிறது. கதையில் போப் தமக்குத் தாமே வாசகம் எழுதிக்கொள்கிறார். கல்லிலோ தமிழர் அவருக்கு நன்றி கூறுகின்றனர். இரண்டாவது செய்தி முதலாவதினும் பெரிது. கதையின் கவர்ச்சியால் நூறாண்டுக்கு மேலாக அச்செய்தி மறைந்து கிடந்தது. நடுதலைச் செய்தவர் யார் என்னும் வினாவைத் தமிழ் ஆய்வாளர் போப்பின் கல்லிடம் கேட்கவில்லை. கல்லைப் பார்க்காமல் கல்லைப் பற்றிப் பேசியதன் விளைவு இது. கதையை ஒரு பத்தியிலும் பாடத்தை மற்றொரு பத்தியிலும் வைக்கும் ஆவணம் இரண்டையும் காக்கும். ஒன்றை மற்றொன்றால் திருத்தும் ஆவணம் ஒன்றை இழக்கும்.

7. சான்றாகக் கொள்ளுதலும் நூலாகக் கொள்ளுதலும்

தமிழ் இலக்கிய ஆய்வில் நடுகற்கள் பெரும்பாலும் சங்கப் பாடல்களுக்குச் சான்றாகவே கையாளப்பட்டுள்ளன. பாடலின் கூற்று உண்மை என நிறுவ ஒரு கல் மேற்கோளாகக் காட்டப்படுகிறது. அத்துடன் கல்லின் பணி முடிந்துவிடுகிறது. சங்கப் பாடல்களுக்கும் செங்கம் கற்களுக்கும் இடையே சில நூற்றாண்டுகள் உள்ளன என்பது இதில் மறக்கப்படுகிறது. செங்கம் கல் சங்கப் பாடலின் விளக்கப்படம் அன்று. அது தனக்குரிய மொழியும் வாய்பாடும் கொண்ட தனி நூலாகும். அரசன் பெயரில் தொடங்கி வீழ்ந்தவன் பெயரில் முடியும் அதன் நடை, ஊர்ப்பூசல் ஒன்றைப் பேரரசின் காலக்கணக்கில் சேர்த்துவிடுகிறது. சங்கப் பாடலின் நடுகல்லில் அரசனின் ஆட்சியாண்டு பேசப்படுவதில்லை. வீரனின் பெயரும் பீடுமே பேசப்படுகின்றன. இவ்வேறுபாடு அரசு உருவாக்கத்தின் வரலாற்றோடு தொடர்புடையது. கல்லைச் சான்றாக மட்டும் கொள்பவர்க்கு இது புலப்படாது.

கல்லில் உள்ள எழுத்து தேய்ந்து, வழிச்செல்வோர்க்கு வேறு பொருள் தரும் காட்சியை அகநானூற்றுப் பாலைப் பாடல் ஒன்று காட்டுகிறது. நடுகல் வாசகம் பிழைபட வாசிக்கப்படும் என்பதைத் தமிழ்ப் புலவர் அன்றே உணர்ந்திருந்தனர். தேய்மானமும் பாடத்தின் ஒரு பகுதியே. எனவே ஒரு கல்லின் பாடத்தை ஒரே முறை பதிவு செய்து முடித்துவிடுவது போதாது. எப்போது, யாரால், எந்நிலையில் வாசிக்கப்பட்டது என்பதும், பின்வந்தோர் வாசிப்பு எவ்வாறு வேறுபட்டது என்பதும் ஆவணத்தில் அடுக்கடுக்காக அமைதல் வேண்டும்.

முடிவுரை

காட்டனின் பட்டியல் பெயரைத் தேடியது, பெயரற்றோரை விட்டது. அமெரிக்கத் தொகுப்பு உருவத்தைத் தேடியது, சூழலை விட்டது. செங்கம் தொகுப்பு எழுத்தைத் தேடியது. எழுத்தற்ற கற்களை விட்டது. ஒவ்வொன்றும் தான் தேடியதைச் செம்மையாகத் தந்துள்ளது என்பதே அவற்றின் சிறப்பு. விடுபட்டதை அத்தொகுப்புகளின் குற்றமாகக் கருதுவதைவிட, பயன்படுத்துவோர் அறிந்திருக்க வேண்டிய எல்லையாகக் கருதுவதே தகும்.

இனி அமையும் ஆவணம் பாடம், உருவம், நட்ட இடமும் நிற்கும் இடமும், நட்டவர், வழங்கும் கதை, வழிபாடு, வாசிப்பு வரலாறு ஆகியவற்றைத் தனித்தனியே பதிவு செய்தல் வேண்டும். இதற்கான தரவுகளின் ஒரு பகுதி பல்கலைக்கழகத் தமிழ்த் துறைகளின் அலமாரிகளிலேயே உள்ளது. 2022ஆம் ஆண்டு விதிமுறைகளால் நிறுத்தப்பட்ட ஆய்வியல் நிறைஞர் பட்டத்துக்கு மாணவர்கள் அளித்த வட்டார ஆய்வேடுகளின் பின்னிணைப்புகளில், பதிப்புப் பெறாத நடுகற்களின் படங்களும் ஊரார் கூற்றுகளும் இருக்கக்கூடும். அப்பட்டம் முடிவுற்ற நிலையில் அவ்வேடுகளைப் புரட்டுவோரும் குறைவர். சாலை விரிவாக்கத்தில் பெயர்க்கப்படும் கல்லுக்கும், வண்ணப்பூச்சில் மறையும் எழுத்துக்கும் அந்த ஒரு படமே எஞ்சிய சான்றாக அமையக்கூடும். அவற்றைத் திரட்டி அடைவு செய்வதற்குப் புதிய கள ஆய்வு தேவையில்லை. இருப்பதைக் காக்கும் எண்ணமே தேவை. நடுகல் ஆவணத்தின் அடுத்த கட்டம் துறை நூலகங்களிலிருந்தே தொடங்கலாம்.